மிஸ் சொன்னதாகச் சொன்னது

பச்சை அணியின் கேப்டன் "ஐஸ்" என்று சொன்ன பிறகு "ரைட்" என்று சொல்லக் கொஞ்சம் நேரமாகும். எவ்வளவு நேரம் என்று அவளுக்கே தெரியாது. ஒரு நாள் உடனே வரும். இன்னொரு நாள் வாயைத் திறந்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தச் சொல் எங்கிருந்தோ நடந்து வந்து சேர வேண்டும்.

விளையாட்டு விழா அணிவகுப்பில் இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே இடைவெளி கிடையாது. அணி மேடைக்கு நேராக வரும்போது கேப்டன் "ஐஸ் ரைட்", அதாவது கண்கள் வலப்பக்கம், என்று குரல் கொடுக்க வேண்டும். கொடி சாயும், அத்தனை தலைகளும் வலப்பக்கம் திரும்பும், அணி நடந்துகொண்டே இருக்கும். முதல் ஒத்திகையில் எங்கள் கேப்டன் இரண்டாவது சொல்லைக் கண்டுபிடிப்பதற்குள் பச்சை அணி மேடையைத் தாண்டிப் போய்விட்டது. சைக்கிள் ஸ்டாண்டுக்குத்தான் மரியாதை செய்தது. மற்ற அணிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன.

என் மனைவி அதற்கு ஒரு வழி செய்தாள். கேப்டனை அவசரப்படுத்தவில்லை. மற்றவர்களுக்குக் காத்திருக்கக் கற்றுக்கொடுத்தாள். "ஐஸ்" என்றதும் பச்சை அணி முழுவதும் நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வைக்கும். அதற்கு மார்க் டைம் என்று பெயர். "ரைட்" வந்ததும் தலையைத் திருப்பிக்கொண்டு மேலே நடக்கும். "ஐஸ்" என்று கேட்டதும் "எனக்கு ரெண்டு" என்று முணுமுணுக்கும் கடைசி வரிசை வாண்டுகள்கூட சில வாரங்களில் பழகிவிட்டார்கள்.

"இப்படி டிரில் புத்தகத்துல எங்கயும் இல்ல," என்றேன்.

"அப்ப புத்தகத்துல சேத்துடுங்க," என்றாள்.

நான் அந்தப் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர். அவள் மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில் அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு ஆசிரியை. விளையாட்டு விழாவில் அவர்களுக்கென்று ஒரு மூலையில் பலூன் ஊதும் போட்டி வைத்து, எல்லோருக்கும் ஒரு டிபன் பாக்ஸ் கொடுத்து அனுப்புவதுதான் வழக்கம். அவள் அதை நிறுத்தினாள். அவர்களையும் நான்கு அணிகளில் பிரித்துப் போட வைத்தாள். அடுத்த வருடம் பச்சை அணிக்குக் கேப்டன் யார் என்று கேட்டபோது பிள்ளைகளே அந்த அறையில் படிக்கும் இவளுக்குக் கை தூக்கினார்கள். விளையாட்டுக்காகத் தூக்கியவர்களும் இருந்திருப்பார்கள். கை கைதான் என்றாள் என் மனைவி.

மழைக்காலம் தொடங்கும்போது காய்ச்சல் என்று படுத்தாள். ரத்தத்தில் ஏதோ என்றார்கள். மழை விடுவதற்குள் முடிந்துவிட்டது.

அதன் பிறகு எனக்கு எல்லாம் மரத்துப் போனது. எதைக் கேட்டாலும் சரி என்றேன். "சாப்பிட்டியாடா?" என்று அக்கா போனில் கேட்டால் "சரிக்கா" என்றேன். அவள் அந்தப் பக்கம் அழுதாள். அதற்கும் சரி என்றேன்.

விழாவுக்கு முந்தைய வாரம் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார்.

"சார், நீங்களே சொல்லுங்க. பச்சை நின்னா பின்னாடி நீலம் நிக்கணும். நீலம் நின்னா சிவப்பு நிக்கணும். நடுரோட்ல லாரி ரிப்பேரான மாதிரி இருக்கு. வர்றவர் பெரிய அதிகாரி. கையை நெத்தியில வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் நிப்பார்?"

"ஆமா மேடம்."

"அவளே கேப்டனா இருக்கட்டும். கொடியும் அவளே பிடிக்கட்டும். குரல் மட்டும் அந்த வெண்கலக் குரல் பொண்ணு குடுக்கட்டுமே. துணை கேப்டன்தானே? ரெண்டாவது வரிசையில நின்னு கத்தினா யாருக்குத் தெரியப்போகுது?"

"சரி மேடம்."

"உங்க மிசஸ் பண்ணி வச்சது. உங்களுக்கு வருத்தம் இல்லையே?"

"இல்ல மேடம்."

உண்மையிலேயே இல்லை. அப்போது எனக்கு எதுவுமே இல்லை.

துணை கேப்டனைப் பள்ளி முழுவதும் வெண்கலம் என்றுதான் கூப்பிடும். அவள் தயங்கினாள். "கேப்டனுக்குத் தெரியுமா சார்?" என்று கேட்டாள். நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அணிக்கும் மார்க் டைம் வேண்டாம், நிற்காமல் நடங்கள் என்று சொன்னேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. என்னிடம் அப்போது யாரும் ஏன் என்று கேட்பதில்லை. மனைவியை இழந்தவனிடம் பிள்ளைகள்கூட மெதுவாகத்தான் பேசினார்கள்.

கேப்டன் மட்டும் கேட்டாள்.

விளையாட்டுச் சாமான் அறையில் பந்துகளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, சில பந்துகளைத் திட்டுவாள்.

"கேப்டன், விழா அன்னிக்கு நீ கொடி மட்டும் பிடி. குரல் வெண்கலம் குடுப்பா."

"ஏன்?"

"அப்பதான் நல்லாருக்கும்."

"நான்தான் கேப்டன்."

"நீதான் கேப்டன். யார் இல்லேன்னு சொன்னா?"

"கேப்டன்தான் சொல்லணும். வெண்கலம் கேப்டன் இல்ல. வெண்கலம் துணை."

"ஒரு நாள்தானே?"

"விழாவே ஒரு நாள்தான் சார்."

அவளிடம் பேசி ஜெயிக்க முடியாது. பிடித்ததையே பிடித்துக்கொண்டு நிற்பாள். என் மனைவிக்கு அதில் ஒரு பெருமை உண்டு. எனக்கு அன்று களைப்பாக இருந்தது. வீட்டுக்குப் போக வேண்டும் என்று இருந்தது. போனால் அங்கே செய்ய ஒன்றுமில்லை, ஆனாலும் போக வேண்டும்.

"மிஸ்தான் இப்படிப் பண்ணச் சொன்னாங்க," என்றேன்.

பம்பு நின்றது.

"எப்போ?"

"ஆஸ்பத்திரியில இருக்கும்போது."

"எங்கிட்ட சொல்லலியே."

"உங்கிட்ட சொல்லச் சொன்னாங்க."

"நான் சொல்ல வேணாம்னாங்களா? மிஸ்ஸா?"

"ம்."

பந்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அதை அமுக்கிப் பார்க்கவில்லை.

"சரி சார்," என்றாள்.

விளக்கை அணைத்து அறையைப் பூட்டினேன். வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

விழா அன்று காலை வெயில் நன்றாக இருந்தது. மேடைக்கு எதிர்ப்பக்கம் தண்ணீர் டிரம், அதன் அருகே பெற்றோர் கூட்டம். நான் பச்சை அணிக்கு இடப்பக்கமாகக் கூடவே நடந்தேன். கேப்டனின் அம்மா தைத்துக் கொடுத்த கொடி. ஓரத்தில் இரட்டைத் தையல் போட்டிருந்தார், காற்றில் பிரியாமல் இருக்க. கேப்டன் அதை நெட்டுக்குத்தாகப் பிடித்து நடந்தாள்.

மேடை நேராக வந்தது.

"ஐஸ் ரைட்!"

வெண்கலத்தின் குரல் மைதானத்தின் அடுத்த சுவர் வரை போய்த் திரும்பியது. அத்தனை தலைகளும் திரும்பின. கொடி மட்டும் சாயவில்லை.

கேப்டன் நின்றாள். திரும்பி இரண்டாவது வரிசைக்கு வந்து கொடிக் கம்பை வெண்கலத்தின் கையில் வைத்தாள்.

"நீதான் சொன்னே. நீ பிடி."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு நன்றாகக் கேட்டது. பிறகு வரிசைகளின் ஓரமாகவே பின்னால் நடந்து, கடைசி வாண்டுக்கும் பின்னால் போய்ச் சேர்ந்து கையை வீசி நடந்தாள். தலையை வலப்பக்கம் திருப்பியிருந்தாள். முறை தவறவில்லை.

மைதானமே கை தட்டியது. சிறப்பு விருந்தினர் சல்யூட் அடித்த கையை இறக்கி அவரும் தட்டினார்.

பேசும்போது அதைத்தான் எடுத்துக்கொண்டார். தலைமை என்றால் விட்டுக்கொடுப்பது என்று இந்தக் குழந்தை நமக்குக் காட்டிவிட்டாள் என்றார். பெரிய பெரிய அலுவலகங்களில் நாற்காலியை விட மாட்டேன் என்று பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்றார். சிரிப்பு. இதைச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் யார் என்று கேட்டார். தலைமையாசிரியை என்னைக் கை காட்டினார். நான் எழுந்து நின்றேன். கும்பிட்டேன். மறுபடி கைத்தட்டல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணக்கு ஆசிரியர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்த இடம் எரிந்தது. பல மாதங்களில் என் உடம்பில் நான் உணர்ந்த முதல் விஷயம் அது.

கீழே இறங்கியதும் கேப்டனின் அம்மா வந்தார். கழுத்தில் தையல் டேப் தொங்கியது. கடையிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறார்.

"மிஸ் இல்லாத குறை தெரியாம பாத்துக்கிறீங்க சார். நல்லா இருப்பீங்க."

நான் தரையைப் பார்த்தேன்.

"ஒண்ணு கேக்கணும் சார். நாலஞ்சு நாளா வீட்ல வாயே திறக்க மாட்டேங்கறா. என்ன கேட்டாலும் தலையாட்டுறா. முன்னெல்லாம் குக்கர் விசில் அடிச்சா அதுக்கே அட்டென்ஷன் சொல்லுவா. எங்க வீட்டுக்காரர் ஒருக்களிச்சுத் தூங்கினா அபௌட் டர்ன் சொல்லுவா. வீடே சத்தமா இருக்கும். இப்ப என்னடான்னா தொண்டை கட்டிருச்சா, இல்ல கண்ணு பட்டுருச்சா, ஒண்ணும் புரியல. நீங்க கேட்டா சொல்லுவா. கொஞ்சம் கேளுங்களேன்."

"கேக்கறேம்மா," என்றேன்.

கேட்கவில்லை. ஓட்டப்பந்தயக் கோடுகளுக்குச் சுண்ணாம்பு போடப் போனேன். போட்ட கோட்டின் மேலேயே மறுபடி போட்டேன்.

மதியம் குண்டு எறிதல். நான்கு அணியிலிருந்தும் வந்தவர்கள் ஒரே வட்டத்தில் எறிவார்கள். ஆளுக்கு மூன்று வாய்ப்பு. கேப்டனுக்கு நல்ல தோள். பயிற்சியில் சிவப்பு அணிக்காரிக்கு அடுத்தபடி இவள்தான். நடுவர் கணக்கு ஆசிரியர். பெயர் கூப்பிட்டதும் வட்டத்துக்குள் போனாள், குண்டைக் கழுத்தோடு சேர்த்து வைத்தாள், முட்டியை மடக்கினாள்.

அப்படியே நின்றாள்.

"போடும்மா," என்றார் நடுவர்.

நின்றாள்.

"என்னம்மா, குண்டு தூங்கிருச்சா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கேப்டன் மெதுவாகத் தலையைத் திருப்பித் தன் முதுகுக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"யார் போடுவாங்க சார்?"

"நீதான்மா போடணும்."

"நான் போட வேணாம்னு மிஸ் சொல்லலியா?"

சிரித்தவர்களுக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இத்தனை நாளாக அவள் வீட்டில் வாய் திறக்காதது தொண்டை கட்டியதால் இல்லை. தன்னால் முடியும் என்று சொன்ன ஒரே ஆள், சாகும்போது அதைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டாள் என்று நினைத்திருக்கிறாள். அப்படி ஒரு மிஸ்ஸை நான் ஒரே வாக்கியத்தில் செய்து கொடுத்திருக்கிறேன்.

வட்டத்தின் விளிம்பு வரை போனேன்.

"மிஸ் அப்படி எதுவும் சொல்லல."

"குரலுக்கு?"

"அதுவும் சொல்லல. நான்தான் சொன்னேன். மிஸ் சொன்னதா பொய் சொன்னேன்."

குண்டு கழுத்திலேயே இருந்தது. வியர்வை அதன் மேல் வழிந்தது.

"பொய்யா?"

"பொய்தான்."

"மிஸ் பேரைச் சொல்லி?"

"ஆமா."

"அப்ப ஆஸ்பத்திரியில மிஸ் என்னதான் சொன்னாங்க?"

இதற்கு ஒரு நல்ல பதில் வாய் வரை வந்துவிட்டது. கேப்டன் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்றாள், பச்சை அணியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள், இப்படி ஏதாவது. அவள் முகம் மலர்ந்திருக்கும். குண்டு பறந்திருக்கும். அதுவும் பொய்தான். என் மனைவியின் வாயில் நான் வைக்கும் இரண்டாவது பொய்.

"ஒண்ணும் சொல்லல. பேச முடியல. தண்ணி கேட்டாங்க."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

கேப்டன் என்னைப் பார்த்துக்கொண்டே கையை விட்டாள். குண்டு என் ஷூவுக்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் புதைந்தது. குறி பார்த்துத்தான் போட்டாளா என்று இன்றும் தெரியாது. நடுவர் சிவப்புக் கொடியைத் தூக்கினார். ஒரு வாய்ப்பு போனது. மற்ற இரண்டிலும் எறிந்தாள், ஆனால் பயிற்சியில் எறிந்த தூரம் வரவில்லை. நான்காவது இடம். நால்வரில் நான்காவது. எழுதிக்கொண்ட கணக்கு ஆசிரியர், "இன்னிக்கு மூடு இல்ல போல," என்றார்.

அவள் நேராகப் பச்சை அணியின் பந்தலுக்குப் போனாள். எனக்கு முதுகு காட்டி நின்று, அணிவகுப்புக் குரலில் சொன்னாள்:

"சார் பொய் சொன்னாரு! மிஸ் சொன்னாங்கன்னு பொய் சொன்னாரு!"

சொற்களுக்கு நடுவே ஒரு இடைவெளிகூட இல்லை. மைதானம் முழுவதும் கேட்டது. பெற்றோர் கூட்டத்தில் அவள் அம்மா கழுத்து டேப்பைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். அவரைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

தலைமையாசிரியை வேகமாக வந்தார்.

"என்ன சார் இது? சீஃப் கெஸ்ட் கேக்கறார்."

"உண்மைதான் மேடம்." நடந்ததைச் சொன்னேன்.

"குரலை மாத்தத்தானே சொன்னேன்? பொய் சொல்லவா சொன்னேன்?"

"நீங்க சொல்லல மேடம். நான்தான்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு குரலை இறக்கினார். "சரி, விடுங்க. உங்க நிலைமை எல்லாருக்கும் தெரியும். யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. நீங்க வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க. சாயங்கால அணிவகுப்பைக் கணக்கு சார் பாத்துக்குவார். வெண்கலமே குரல் குடுக்கட்டும்."

சரி என்று சொல்லியிருக்கலாம். வாய்க்குப் பழகிய சொல். ஆனால் அப்படிப் போனால் செத்துப் போனவளை இரண்டாவது தடவை பயன்படுத்திக்கொண்டதாக ஆகும்.

"இல்ல மேடம். சாயங்காலம் கேப்டன்தான் குரல் குடுப்பா. அணி நிக்கும். பின்னாடி வர்ற அணியும் நிக்கும்."

"அவர் கையை நெத்தியில வச்சுக்கிட்டே..."

"இருக்கட்டும் மேடம்."

அவர் திரும்பி மேடைக்குப் போனார். சம்மதமா கோபமா என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

பந்தலில் வெண்கலம் கொடியோடு கேப்டனின் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். அழுது முடித்த முகம்.

"இந்தா கேப்டன்."

கேப்டன் வாங்கவில்லை. "நீ ஏன் சொன்னே?"

"சார் சொல்லச் சொன்னாரு."

"சார் சொன்னா?"

வெண்கலம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என் பின்னாடி நின்னு சொன்னே. எனக்கு முதுகுல கேட்டுச்சு."

"தப்புதான். சாரி."

கேப்டன் கொடியை வாங்கினாள். தையல் ஓரத்தை இழுத்துப் பார்த்தாள். "ரெண்டாவது வரிசை. போ. வாயை மூடிக்க." வெண்கலம் போனாள். கேப்டன் வாண்டுகளிடம் திரும்பி, "ஐஸ் சொன்னா மார்க் டைம். எவனாவது ரெண்டு வேணும்னு கேட்டீங்க, கம்பு வரும்," என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

நான் வழக்கம்போல இடப்பக்கம் போய் நின்றேன்.

"சார் வேணாம்."

"கூட மட்டும் நடந்து வரேன்."

"வேணாம்."

"எங்க நிக்கட்டும் கேப்டன்?"

கொடிக் கம்பை நீட்டி மேடைக்கு எதிர்ப்பக்கம் இருந்த தண்ணீர் டிரம்மைக் காட்டினாள். "விசில் ஊதாதீங்க."

போய் நின்றேன். பக்கத்தில் பெற்றோர்கள் கொஞ்சம் விலகி இடம் விட்டார்கள். மரியாதையா வேறு ஏதாவதா என்று தெரியவில்லை.

நிறைவு அணிவகுப்பு தொடங்கியது. மஞ்சள் அணி போனது. அடுத்து பச்சை. மேடைக்கு நேராக வந்ததும் கேப்டன் மூச்சை இழுத்தாள்.

"ஐஸ்!"

பச்சை அணி நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. புழுதி முழங்கால் வரை எழுந்தது. பின்னால் நீலம் நின்றது. அதற்கும் பின்னால் சிவப்பு ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றது. சிறப்பு விருந்தினரின் கை நெற்றியில் இருந்தது. தலைமையாசிரியை மைதானத்தைத் தாண்டி என்னைப் பார்த்தார். விசில் என் நெஞ்சில் தொங்கியது. கேப்டன் வாயைத் திறந்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் வெண்கலம் உதட்டைக் கடித்துக்கொண்டு காலைத் தூக்கி வைத்தாள். எங்கோ ஒரு குழந்தை, "என்னம்மா ஆச்சு?" என்றது. "சும்மா இரு," என்று யாரோ அதட்டினார்கள்.

நானும் நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தேன். எப்போது தொடங்கினேன் என்று தெரியாது. நிறுத்தினேன். அவள் என்னை வரிசையில் சேர்க்கவில்லை.

"ரைட்!"

கொடி சாய்ந்தது. அத்தனை தலைகளும் மேடைப் பக்கம் திரும்பின. நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தபோது எல்லோருடைய பின்னந்தலைதான் தெரிந்தது.